பழைய செங்கல் வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழுதுக்குத் திட்டம் போடுங்கள்



“ஹஜ்ரத், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய வீடு விலைக்கு வருது. மனை நல்லா இருக்கு, விலையும் குறைவு. வாங்கலாமா?”

கம்பைநல்லூரில் தொழுகை முடிந்து வெளியே வரும்போது வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ உழைத்துப் பணம் சேர்த்தவர்கள். புது மனை வாங்கி, புதிதாகக் கட்டும் அளவுக்குக் கையில் இருக்காது. வட்டிக் கடன் வேண்டாம் என்பதில் உறுதியாக இருப்பார்கள். ஊருக்குள், பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய வீடு கிடைத்தால் அது அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

நான் பொறியாளர் இல்லை. மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு கல்லூரியில் கலைப் பட்டம் படித்தவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. நானே இப்படி ஒரு வீட்டை வாங்கி, தவறான வரிசையில் வேலை செய்து, பணத்தையும் தூக்கத்தையும் இழந்தவன். அந்தப் பாடத்தையும், அதற்குப் பிறகு பொறியாளர்களிடமும் வயதான கொத்தனார்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

நான் வாங்கியது நாற்பது வருடத்துக்கு மேலான செங்கல் வீடு. முன்பக்கம் காங்கிரீட் தளம் போட்ட கூடமும் ஓர் அறையும். பின்பக்கம் ஓடு வேய்ந்த சமையலறை. பார்க்கப் போன அன்று வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பங்குனி மாத வெயில். ஓதத்தின் சுவடே இல்லை. பதினோரு வருடச் சேமிப்பும் மனைவியின் நகையும் விலைக்கே போய்விட்டன. மிச்சம் இருந்ததில் முதலில் தரைக்கு டைல்ஸ் ஒட்டினோம், பெயிண்ட் அடித்தோம்.

ஐப்பசி மழை வந்தது. சுவரின் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு ஈரம் ஏறி, புதுப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து உதிர்ந்தது. அறையின் தளம் ஒரு மூலையில் சொட்டியது. கழிவுநீர்க் குழாய் தரைக்கு அடியில் உடைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒட்டிய டைல்ஸில் பாதியை உடைத்து எடுத்தோம்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. பிள்ளைகள் வளர்கிறார்கள், விருந்தாளிகள் வந்தால் உட்கார இடம் வேண்டும் என்று கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிடச் சொன்னேன். வந்த மேஸ்திரி, “அது சும்மா தடுப்புச் சுவர்தான், ஒரு நாள் வேலை” என்றார். மேலே இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்ததும் தளத்திலிருந்து மண் உதிர்ந்தது. தளத்துக்கு அடியில் தலைமுடி அளவில் ஒரு கோடு ஓடியது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான கொத்தனார் சத்தம் கேட்டு உள்ளே வந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் வெளிய வாங்க, மொதல்ல முட்டு குடுங்க” என்று கத்தினார். அவரே மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துச் சொன்னார்: கூடமும் அறையும் வெவ்வேறு வருடங்களில் கட்டப்பட்டவை. இரண்டு தளங்களும் தனித்தனி. இரண்டின் ஓரமும் வந்து உட்கார்ந்திருந்தது அந்த ஒரே சுவரின் தலையில். சுவரை முழுதாக எடுத்திருந்தால் இரண்டு தளமும் பிடிமானம் இழந்திருக்கும். பக்கத்து அறையில் என் பிள்ளைகள் இருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: பழைய வீடு வாங்கலாம். ஆனால் பழுதுபார்க்கும் திட்டத்தை வாங்கிய பிறகு போடாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே போடுங்கள். அந்தச் செலவையும் சேர்த்ததுதான் வீட்டின் உண்மையான விலை.

வீடு எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள்

நம் பகுதியில் விற்பனைக்கு வரும் பழைய செங்கல் வீடுகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய தடித்த சுவர்கள், மேலே மர வளைகள், நாட்டு ஓடு அல்லது மங்களூர் ஓடு. இவற்றுக்குக் கடைக்கால் பெரும்பாலும் கருங்கல்லை அடுக்கிப் போட்டது.

இரண்டு, மெத்தை வீடு. மர உத்திரங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் நெருக்கி நட்டு, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டோடு பதித்த தளம்.

மூன்று, சிமெண்ட் சாந்தில் கட்டிய ஒன்பது அங்குலச் சுவரும் காங்கிரீட் தளமும். இதில் தூண் கிடையாது. தளத்தின் எடை முழுவதையும் சுவர்களே தாங்குகின்றன.

பல வீடுகளில் இந்த வகைகள் கலந்திருக்கும். முன்பகுதி ஒரு காலம், பின்பகுதி ஒரு காலம். எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று விற்பவரிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். மொட்டை மாடியில் நேர்க்கோடாக ஓர் இணைப்பு தெரிந்தால், அதற்குக் கீழே இருக்கும் சுவர் இரண்டு தளங்களைத் தாங்கும் சுவர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டியவை

முடிந்தால் வீட்டை மழைக்காலத்தில் பாருங்கள். வெயில் காலத்தில்தான் பார்க்க முடிகிறது என்றால், புதிதாக வெள்ளையடித்த வீட்டைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

*தண்ணீர்.* பழைய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். தெருவில் நின்று பாருங்கள்: வாசல்படி சாலையைவிட உயரமா, தாழ்வா? பல ஊர்களில் பழைய சாலையைச் சுரண்டாமலேயே மேலே மேலே தார் போட்டு, வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வீட்டைச் சுற்றி மண் உயர்ந்து பேஸ்மட்டத்தை மூடியிருந்தால் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சும். செங்கல் தண்ணீரை மேல்நோக்கி இழுக்கும் தன்மை உடையது. அப்படி ஏறிய தண்ணீர் காயும்போது உப்பு வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்புப் படிகங்கள்தான் பூச்சையும் செங்கல்லையும் பொடியாக்குகின்றன. அலமாரிக்குப் பின்னால், மாட்டிய காலண்டருக்குப் பின்னால், மூலையில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள்.

*விரிசல்.* எல்லா விரிசலும் ஆபத்து இல்லை. மேல்பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சின் குறை மட்டுமே. தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கையாக ஓடும் விரிசல், பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. ஆனால் செங்கல் இணைப்புகளின் வழியே மாடிப்படி போல் சாய்வாக ஏறும் விரிசலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். கடைக்கால் ஒரு பக்கம் இறங்குகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கரிசல் மண், பக்கத்தில் பெரிய மரம், கசியும் கழிவுநீர்த் தொட்டி ஆகியவை அதற்குக் காரணமாகும்.

அளவு பார்க்க ஓர் எளிய வழி: ஏ.டி.எம். கார்டின் தடிமன் சுமார் முக்கால் மில்லிமீட்டர். கார்டின் ஓரம் விரிசலுக்குள் தாராளமாக நுழைந்தால் பொறியாளரிடம் காட்டாமல் மேலே பேச வேண்டாம். அந்த விரிசல் இன்னும் நகர்கிறதா என்று அறியப் பழைய கொத்தனார்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பூச்சைச் சுரண்டி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதியை எழுதிவைப்பார்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். உடையவில்லை என்றால் அது பழைய விரிசல். அடைத்துவிட்டுப் போகலாம்.

*தளம்.* காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியைக் கம்பாலோ சிறு சுத்தியலாலோ மெல்லத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். பொத்தலாக ஒலித்தால் உள்ளே காரை கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகி, காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கும். பழுப்புக் கறை, கம்பி ஓடும் வாக்கில் நேர்க்கோடாக விரிசல், உதிர்ந்த காரை, சன்ஷேடின் அடியில் வெளியே தெரியும் கம்பி எல்லாம் அதன் அறிகுறிகள்தான். இதன் மேல் புதுப்பூச்சு பூசினால் நோய் மறையும், குணமாகாது. உதிரும் பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்று உள்ள பாலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். கம்பியே மெலிந்துபோயிருந்தால் அந்தத் தளத்தை வைத்துக்கொள்ளலாமா, புதிதாகப் போட வேண்டுமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

*மரம்.* உத்திரம், வளை, நிலை ஆகியவற்றில் முக்கியமாகச் சுவருக்குள் நுழையும் முனைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு குத்துக்குப் பிடிகொடுக்காது. கரையான் தின்ற மரமும் ஈரத்தில் மக்கிய மரமும் உள்வாங்கும். நடுப்பகுதி நன்றாக இருந்து முனை மட்டும் மக்கியிருப்பது பழைய வீடுகளில் அடிக்கடி காணக்கூடியது. ஆனால் எடை முழுவதும் இறங்குவது அந்த முனையில்தான்.

*கடைக்கால்.* மேலே கட்டும் எண்ணம் இருந்தால் விற்பவரின் அனுமதியோடு ஒரு மூலைக்கு வெளியே மூன்று நான்கு அடிக்கு ஒரு சிறு குழி தோண்டி, கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், கீழே என்ன மண் என்று பாருங்கள். பார்த்ததும் நன்றாக இறுக்கி மூடிவிடுங்கள். சுவர் நெடுகப் பள்ளம் எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் நீங்களே பார்த்த பிறகு, கட்டடக் கட்டமைப்பு தெரிந்த ஒரு பொறியாளரை ஒரு முறை அழைத்துக் காட்டுங்கள். விற்பவருக்கும் தரகருக்கும் வேண்டியவராக அவர் இருக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் கூலியைச் சிலர் வீண்செலவு என்று நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்த மிச்சம்தான் எனக்கு மிக அதிகச் செலவு வைத்தது.

எந்தச் சுவரை எடுக்கலாம்?

தூண் இல்லாத வீட்டில் சுவர் என்பது தூணும்தான். ஒன்பது அங்குலமோ அதற்கு மேலோ தடிமன் உள்ள எந்தச் சுவரையும், பொறியாளர் வேறு விதமாகச் சொல்லும் வரை, தாங்கு சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். ஆனால் அதிலும் பரண் உட்கார்ந்திருக்கலாம். தளம் வருடக்கணக்கில் சற்றுத் தொய்ந்து அதன் மேல் சாய்ந்திருக்கலாம்.

தாங்கு சுவரை எடுக்கவே முடியாதா? முடியும், அதற்கு முறை இருக்கிறது. முதலில் தளத்துக்கு இரு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்து எடையைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் இரும்பு உத்திரமோ காங்கிரீட் உத்திரமோ வைத்து, உத்திரத்துக்கும் தளத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் சாந்தை இறுக்கி அடைக்க வேண்டும். அது கெட்டியான பிறகே முட்டை எடுக்கலாம். முன்பு நீளச் சுவர் முழுவதும் பரவி இறங்கிய எடை, இப்போது உத்திரத்தின் இரண்டு முனைகளில் மட்டும் இறங்கும். அந்த இரண்டு இடத்திலும் சுவரும் கடைக்காலும் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் உத்திரம் வைப்பது அரைகுறை வேலை.

முழுச் சுவரையும் எடுக்காமல் அகலமான ஒரு வழி மட்டும் திறப்பது பல குடும்பங்களுக்குப் போதும். அதிலும் லிண்டல் இரு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். வழியை மூலைக்கு நெருக்கமாக வைக்கக் கூடாது. என் வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம். ஐந்தடி அகலத்தில் ஒரு திறப்பு. விருந்தாளிகளுக்கு அதுவே தாராளமாக இருக்கிறது.

இன்னொன்று. வயருக்கும் குழாய்க்கும் சுவரில் காடி எடுப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905, செங்குத்தாக எடுக்கும் காடி சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், படுக்கையாக எடுப்பது ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக் கூடாது என்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் அது முறையே மூன்று அங்குலம், ஒன்றரை அங்குலம். கட்டர் வைத்துச் சுவர் நெடுகப் படுக்கையாக அறுக்கும் எலக்ட்ரீஷியனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேலே ஒரு மாடி?

“கீழே நாங்க, மேலே மகன் குடும்பம்” என்பது நம் குடும்பங்களில் இயல்பான ஆசை. ஆனால் அந்த ஆசைக்கு எடை உண்டு. பத்துக்குப் பத்து அடி அறைக்கு ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் மட்டும் ஏறக்குறைய 3 டன் வரும். பத்தடி நீளம், பத்தடி உயரம் உள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று சுமார் 4 டன். கதவு, ஜன்னலைக் கழித்துவிட்டு நாலு சுவரையும் தளத்தையும் கூட்டினால், ஒரே ஓர் அறைக்கு 16, 17 டன். இதற்கு மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னும் ஒரு டன்.

மண் சாந்துச் சுவரின் மேலும், ஆழமில்லாத கடைக்காலின் மேலும் இதை ஏற்றுவது கூடாது. “நல்ல கெட்டிச் சுவர், ரெண்டு மாடி தாங்கும்” என்று தரகர் சொல்வதை வைத்து விலை பேசாதீர்கள். மாடி போட முடியாத வீடு என்றால், மனையின் விலையையும் இருக்கும் கட்டடத்தின் பயனையும் மட்டும் கணக்கில் எடுங்கள். மாடி போட முடியும் என்று பொறியாளர் சொன்னால், பேரூராட்சியில் வரைபட அனுமதி பெற்றுச் செய்யுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் மருந்தாகுமா?

ஆகாது. சுண்ணாம்புச் சாந்து சற்று மென்மையானது. ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளாமல் வெளியே விடும். சுவரின் சிறு அசைவுகளுக்கு வளைந்துகொடுக்கும். சிமெண்ட் பூச்சு கெட்டியானது, ஈரத்தை அடைத்துவைக்கும். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சுவரில் ஓதம் தெரிகிறது என்று சிமெண்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேலே உப்புப் பூக்கும். பிறகு பூச்சே பாளம் பாளமாகப் பெயரும்.

பெரிய கட்டடங்களிலும் இதே பாடம்தான். ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா சென்னையில் 1768-ல் கட்டிய சேப்பாக்கம் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கலஸ் மஹால் பகுதி 2012 ஜனவரியில் தீ விபத்தில் கடுமையாகச் சேதமானது. தீயணைப்பில் ஓர் அதிகாரி உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே, சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டு புதுப்பித்தது. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. பக்கத்தில் உள்ள ஹுமாயூன் மஹாலும் அதன்பின் அதே வழியில் மீட்கப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்க்கும் நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய கைமுறைக்கு இந்த வேலைகளில் மறுபடி மதிப்பு கிடைத்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் 1870-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பல வருடமாகப் பழுதுபட்டுக் கிடந்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பெரும் செலவில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். தீயில் வெந்த சுவரைக்கூட மீட்க முடிந்தது. பராமரிப்பில்லாமல் மழையில் நனைந்துகொண்டே இருந்த கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நம் சிறிய வீட்டுக்கும் கணக்கு இதுதான்.

வீட்டில் ஓதம் இருந்தால் செய்ய வேண்டியது: வெளியே உயர்ந்த மண்ணை எடுத்துப் பேஸ்மட்டத்தைத் திறங்கள். சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். பழைய சிமெண்ட் பூச்சு இருந்தால் ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடி வரை கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு. அதற்கும் அடங்காவிட்டால் சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்தைச் செலுத்தும் முறை இருக்கிறது.

வேலையின் வரிசை

பணம் குறைவாக இருக்கும்போது வரிசைதான் நம்மைக் காப்பாற்றும்.

1. தண்ணீர்: கூரை ஒழுகல், மொட்டை மாடி வாட்டம், வடிகால், உடைந்த குழாய்.
2. தாங்கும் பாகங்கள்: கடைக்கால், நகரும் விரிசல், துருப்பிடித்த தளம், மக்கிய உத்திரம்.
3. சுவர் மாற்றங்கள்: திறப்பு, அடைப்பு, கழிப்பறை இடமாற்றம். வயதான பெற்றோர் இருந்தால் கீழேயே ஒரு கழிப்பறையும், ஒளு செய்ய உட்காரும் வசதியும் இந்தக் கட்டத்திலேயே திட்டத்தில் வர வேண்டும்.
4. மின்சாரம், தண்ணீர்க் குழாய்: பழைய வயரை முழுவதும் மாற்றுங்கள். எர்த்தும், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.
5. பூச்சு, அதன்பின் தரை.
6. பெயிண்ட், அலமாரி, அலங்காரம்.

முதல் இரண்டும் முடிந்து ஒரு மழைக்காலம் கடந்த பிறகு ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் வாருங்கள். அதுவரை பழைய தரையில் இருப்பதால் யாருக்கும் கௌரவம் குறையாது.

செலவுக் கணக்கையும் அப்படியே எழுதுங்கள். உதாரணமாக, விற்பவர் 18 லட்சம் கேட்கிறார், பொறியாளர் முதல் நான்கு வேலைகளுக்கு 5 லட்சம் ஆகும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டில் சுவரைத் திறந்த பிறகுதான் சில பழுதுகள் தெரியும். அதனால் அந்த 5 லட்சத்தின் மேல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு லட்சத்தைத் தனியாக வையுங்கள். பத்திரச் செலவைச் சேர்க்காமலே உங்களுக்கு இந்த வீடு 24 லட்சம். உங்களிடம் 20 லட்சம்தான் இருக்கிறது என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வட்டியைத் தவிர்க்கத்தான் பழைய வீட்டைத் தேடினோம். பாதி வேலையில் பணம் தீர்ந்து, அந்த வீட்டுக்காகவே வட்டிக் கடனில் போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொத்தனாரிடமும் எழுத்தில் பேசுங்கள். எந்த வேலை, எந்தப் பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நட்பைக் கெடுக்காது, காப்பாற்றும்.

விற்பவரின் அமானிதம், அண்டை வீட்டாரின் உரிமை

விற்பனைப் பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது. வாங்கும்போது தெரியாத, விலையைக் குறைக்கக்கூடிய குறை பிறகு தெரியவந்தால், வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு என்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்ற தலைப்பில் விளக்குகின்றன. வீடு விற்கும் சகோதரர்களே, ஒழுகும் மூலைக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டு ஆளைக் கூட்டிவராதீர்கள். “இந்த மூலையில் ஒழுகும், இந்தச் சுவரில் ஓதம் உண்டு” என்று சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையலாம். வாங்குகிறவரின் பிள்ளைகள் அந்தத் தளத்துக்குக் கீழேதான் தூங்கப் போகிறார்கள்.

ஊருக்குள் உள்ள பழைய வீடுகளில் பொதுச்சுவர் இருக்கும். உங்கள் பக்கம் நீங்கள் கொத்தும் சுவரில் அடுத்த வீட்டாரின் உத்திரம் உட்கார்ந்திருக்கலாம். அண்டை வீட்டார் தம் மரத்தை நம் சுவரில் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்ற அளவுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கும்போது, இருக்கும் மரத்தின் பிடிமானத்தைக் கேட்காமல் ஆட்டுவது எப்படிச் சரியாகும்? அவர் எந்தச் சமயத்தவரானாலும், வேலை தொடங்கும் முன் கூப்பிட்டுக் காட்டிப் பேசிவிடுங்கள். அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்துவைப்பது நாளைய சண்டையைத் தடுக்கும்.

பத்திர விஷயத்தைத் தனியாக எழுத வேண்டும். இங்கே சுருக்கமாக: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீது நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இடம் வக்ஃபு சொத்தோ கோயில் சொத்தோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மனை நம்முடையது இல்லையென்றால் பயனில்லை.

முடிவாக

இத்தனையும் படித்துவிட்டு, பழைய வீடே வேண்டாம் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஒழுங்காகக் கட்டி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்ட செங்கல் சுவர் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். தடித்த சுவர் வெயில் காலத்தில் வீட்டைக் குளுமையாக வைக்கும். நல்ல பழைய தேக்கு இன்று புதிதாக வாங்கக் கிடைப்பது கடினம். என் வீடும் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு சிறு சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். சமையலறைச் சுவரின் ஈரத்தையும், தண்ணீர் போகாத சாக்கடையையும் நம்மைவிட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். பார்த்ததை எழுதுங்கள், பொறியாளரிடம் காட்டுங்கள், கணக்குப் போடுங்கள், மஷூரா செய்யுங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசுங்கள்.

நம் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான, பரக்கத்தான இல்லத்தை அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.